மின்குமிழைக் கண்டுபிடித்தவர் யார்?



நம் தமிழ்ப்பள்ளிகளில் நடத்தப்பெறும் புதிர்ப்போட்டிகளில் தவறாமல் இடம்பெறும் வினா ஒன்று உண்டு. “மின்குமிழைக் கண்டுபிடித்தவர் யார்?” வினா முடிவதற்குள் மணி ஒலிக்கும். “தாமஸ் ஆல்வா எடிசன்!” என்று விடை வரும். பத்துப் புள்ளிகள், பலத்த கைதட்டல். தேர்வுக்கு முன்னர்த் தன்முனைப்பு உரையாற்ற வரும் பேச்சாளர்களும் இதே பெயரைத்தான் எடுத்துக்கொள்வர். ஆயிரம் முறை தோற்றார் என்பார் ஒருவர். பத்தாயிரம் முறை என்பார் மற்றொருவர். தோல்வியின் எண்ணிக்கை பேச்சாளரின் குரலுக்கு ஏற்ப ஏறும்.

அத்தகைய உரை ஒன்று முடிந்த மறுநாள், என் ஐந்தாம் ஆண்டு வகுப்பு மாணவி ஒருத்தி அறிவியல் பாடவேளையில், “ஐயா, எடிசனுக்கு மூளை வேற மாதிரி ஐயா. நமக்கெல்லாம் அது வராது,” என்றாள். அவள் குரலில் வருத்தமும் இல்லை, சலிப்பும் இல்லை. வெளியே மழை பெய்கிறது என்று சொல்வதைப் போல இயல்பாகச் சொன்னாள். மற்ற மாணவர்களும் ஆமாம் என்று தலையசைத்தனர். ஊக்கமூட்டுவதற்காகச் சொல்லப்பட்ட கதை, பதினொரு வயதுப் பிள்ளைகளின் மனத்தில் ஒரு கதவைச் சாத்திவிட்டுப் போயிருந்தது.

அன்று முதல் மின்விளக்கின் வரலாற்றைத் தேடித் தேடிப் படித்து வருகின்றேன். படிக்கப் படிக்க ஒன்று தெளிவாயிற்று. பலர் கூடிக் கேள்வி கேட்டு, கண்டதைக் குறித்து வைத்து, ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றொருவர் தொடர்ந்த வேலையின் பயனே இன்று நம் வீட்டிலும் தெருவிலும் எரியும் விளக்கு. அந்த வேலைக்கென்றே ஏற்பட்ட தொழில்துறை ஆய்வுக்கூடம் என்னும் அமைப்பும் விளக்கோடு சேர்ந்தே வளர்ந்தது. இந்த வரலாற்றை முழுமையாகச் சொல்லிக் கொடுத்தால் நம் பிள்ளைகள் தங்களுக்கும் அதில் இடமுண்டு என்று உணர்வர் என்பது என் நம்பிக்கை. ஆகவே, ஆசிரியர்களும் பெற்றோர்களும் இதனைச் சற்றுப் பொறுமையுடன் வாசிக்கக் கேட்டுக்கொள்கின்றேன்.

எடிசனுக்கு முன்பே எரிந்தவை

எடிசன் பிறப்பதற்கு முன்பே மின்னொளி பிறந்துவிட்டது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஹம்ப்ரி டேவி, இரண்டு கரித்துண்டுகளுக்கு இடையே மின்சாரம் தாவும்படி செய்து கண்ணைக் கூசவைக்கும் ஒளியை உண்டாக்கிக் காட்டினார். இதனை மின்வில் விளக்கு என்பர். ரஷ்யப் பொறியாளர் யாப்லோச்கோவ் அமைத்த வில் விளக்குகள் 1878ஆம் ஆண்டில் பாரிஸ் மாநகரின் ஓப்பரா சாலையை ஒளிரச் செய்தன. மறு ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள், அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரச் சதுக்கத்தில் சார்லஸ் பிரஷ் 12 வில் விளக்குகளை ஏற்றினார். ஆகவே, வீட்டு மின்குமிழுக்குத் தெருவிளக்கே மூத்தது எனலாம். ஆயினும், அவ்விளக்கை வீட்டுக்குள் வைக்க இயலாது. ஒளி மிகக் கடுமையானது, இரைச்சலும் உண்டு, கரித்துண்டுகள் தேயத் தேய மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

வீட்டுக்கு உகந்த சிறிய விளக்கைச் செய்யப் பலர் முயன்றனர். கண்ணாடிக் குமிழுக்குள் ஓர் இழையை வைத்து, காற்றை வெளியேற்றி, மின்சாரம் பாய்ச்சி இழையைத் தகதகக்கச் செய்வதே அவர்களின் எண்ணம். இங்கிலாந்தின் நியூகாசல் நகரில் ஜோசப் சுவான் 1879ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே தம் விளக்கைப் பொதுமக்கள் முன் எரித்துக் காட்டினார். எடிசனின் வெற்றிக்கு அது சில மாதங்கள் முந்தியது. பின்னர் 1883இல் இருவரின் தொழிலும் பிரிட்டனில் ஒரே நிறுவனமாக இணைந்தது. புதிர்ப்போட்டியில் ஒரு மாணவன் சுவானின் பெயரைச் சொன்னால் நாம் புள்ளி தருவோமா?

அப்படியானால் எடிசனின் பெருமைதான் என்ன? 1876ஆம் ஆண்டில் நியூ ஜெர்சி மாநிலத்தின் மென்லோ பார்க் என்னும் சிற்றூரில் அவர் ஓர் ஆய்வுக்கூடத்தை அமைத்தார். அங்கே கண்ணாடி ஊதுபவர் இருந்தார். இயந்திரம் கடைபவர் இருந்தார். வேதியியல் அறிந்தவர் இருந்தார். பிரான்சிஸ் அப்டன் என்னும் கணித அறிஞரும் இருந்தார். அனைவரும் ஒரே கூரையின்கீழ் ஒரே சிக்கலை ஆராய்ந்தனர். எதை முயன்றார்கள், என்ன நிகழ்ந்தது என்பதையெல்லாம் நாள்தோறும் குறிப்பேடுகளில் எழுதி வைத்தனர். கண்டுபிடிப்பையே அன்றாடத் தொழிலாகச் செய்யும் ஓர் இடத்தை உருவாக்கியதுதான் எடிசனின் பெரிய கண்டுபிடிப்பு என்று நான் கருதுகின்றேன்.

அவர்கள் மின்குமிழை மட்டும் தனியாக எண்ணவில்லை. மின்னாக்கி, கம்பி, மீட்டர், விளக்கு ஆகிய அனைத்தையும் ஒருங்கே எண்ணினர். அக்காலத்தில் பலர் செய்த விளக்குகளில் இழையின் மின்தடை குறைவு. தடை குறைந்தால் ஒவ்வொரு விளக்கும் மிகுதியான மின்னோட்டத்தை இழுக்கும். ஒரு தெரு முழுவதும் விளக்கேற்ற வேண்டுமானால் கை மொத்தத்தில் செம்புக் கம்பி வேண்டும். அதன் விலையிலேயே திட்டம் மூழ்கிவிடும். எனவே, மெல்லிய, மிகுந்த தடையுள்ள இழையே தேவை என்று கணக்கிட்டுக் கண்டனர். எதைத் தேட வேண்டும் என்பதைக் கணக்கு சொன்னது. அதன் பிறகே தேடல் சூடுபிடித்தது. கணிதம் எதற்கு உதவும் என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு உண்டோ?

1879ஆம் ஆண்டு அக்டோபரில், கரியாக்கப்பட்ட பருத்தி நூல் 13 மணி நேரத்திற்கும் மேலாக எரிந்தது. அத்துடன் அவர்கள் நிற்கவில்லை. மறு ஆண்டு மூங்கிலை முயன்றனர். ஜப்பானின் கியோத்தோ பகுதியிலிருந்து வரவழைத்த மூங்கிலின் இழை ஆயிரம் மணி நேரத்திற்கும் மேல் எரிந்தது. 1882 செப்டம்பர் 4ஆம் நாள், நியூயார்க் நகரின் பேர்ல் தெரு மின்நிலையம் இயங்கத் தொடங்கி ஏறக்குறைய 400 விளக்குகளுக்கு ஒளி தந்தது.

அடிமையின் மகன் வரைந்த விளக்கு

இவ்வரலாற்றில் நம் மாணவர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய ஒருவர் லூயிஸ் லாட்டிமர். இவர்தம் பெற்றோர் அமெரிக்காவின் தென்மாநிலம் ஒன்றில் அடிமைகளாக இருந்து தப்பி வடக்கே வந்தவர்கள். 1848இல் பிறந்த லாட்டிமர் இளமையிலேயே கடற்படையில் சேர்ந்தார். போர் முடிந்து திரும்பியபின், காப்புரிமை வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் எடுபிடி வேலை கிடைத்தது. அங்கே பொறியியல் வரைபடம் வரைபவர்களை நாள்தோறும் கவனித்து, பழைய கருவிகளை வாங்கித் தாமே வரையக் கற்றுக்கொண்டார். காலப்போக்கில் அவ்வலுவலகத்தின் தலைமை வரைஞரானார். தொலைபேசிக்காகக் கிரகாம் பெல் பெற்ற காப்புரிமையின் வரைபடங்களிலும் இவரது கைவண்ணம் உண்டு.

பின்னர் எடிசனுக்குப் போட்டியாக இருந்த நிறுவனத்தில் பணியாற்றியபோது, கரி இழைகள் சூளையில் முறிந்துபோகும் சிக்கலை ஆராய்ந்தார். இழைகளை அட்டை உறைக்குள் வைத்துச் சூடேற்றும் முறையை வகுத்து 1882இல் காப்புரிமை பெற்றார். 1884இல் எடிசனின் நிறுவனமே இவரை அழைத்துக்கொண்டது. 1890இல் மின்விளக்கு முறையைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். எடிசனின் கதையைச் சொல்லும் நாம், இவருடைய கதைக்குப் பாடவேளையில் ஐந்து மணித்துளியாவது ஒதுக்கலாம். தோட்டப் பாட்டாளிகளின் வழித்தோன்றல்களாகிய நம் பிள்ளைகளுக்கு இவர் அயலார் அல்லர்.

ஆசிரியர் ஒருவரின் விடுமுறை வேலை

எடிசனின் காப்புரிமைக் காலம் 1894இல் முடிவுற்றது. அவரது நிறுவனமும் வேறொரு நிறுவனமும் இணைந்து உருவான ஜெனரல் எலெக்ட்ரிக், ஐரோப்பாவில் தோன்றிய புதிய விளக்குகளைக் கண்டு அஞ்சியது. 1900ஆம் ஆண்டில் ஸ்கெனெக்டடி நகரில், பொறியாளர் ஸ்டைன்மெட்ஸ் வாழ்ந்த வீட்டின் பின்புறமிருந்த கொட்டகையில் ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டது. அதற்குத் தலைமையேற்ற வில்லிஸ் விட்னி ஒரு கல்லூரி ஆசிரியர். தொடக்கத்தில் வாரத்தின் பாதி நாள் மட்டுமே அங்கு வந்து, மீதி நாள் பாஸ்டனில் பாடம் நடத்தினார்.

கரி இழைக்கு மாற்றாக டங்ஸ்டன் சிறந்தது என்பது அப்போதே தெரியும். உலோகங்களுள் மிக உயர்ந்த வெப்பத்தில் உருகுவது அதுதான். 3,400 பாகை செல்சியசுக்கும் மேல். 1904இல் யுஸ்ட், ஹனாமன் ஆகிய இருவர் டங்ஸ்டன் இழைக்கு வழிகண்டனர். ஆனால், அவ்விழை முறுக்கு போல் நொறுங்கும். விளக்கைச் சற்று வேகமாகத் தூக்கினாலும் போயிற்று. ஸ்கெனெக்டடியில் வில்லியம் கூலிட்ஜ் இச்சிக்கலோடு ஆண்டுக்கணக்கில் போராடினார். கம்பி செய்யும் பட்டறைகளுக்கும் ஊசித் தொழிற்சாலைகளுக்கும் நேரில் சென்று, அங்குள்ள தொழிலாளர்கள் உலோகத்தைத் தட்டி மெலிதாக்கும் முறையைக் கவனித்தார். டங்ஸ்டன் பொடியை அழுத்திக் கட்டியாக்கி, சூட்டிலேயே திரும்பத் திரும்பத் தட்டி, வைரத் துளைகளின் வழியே இழுத்தபோது, 1910ஆம் ஆண்டளவில் வளையக்கூடிய டங்ஸ்டன் கம்பி கிடைத்தது. படித்த வேதியியலரின் ஆசான்கள் பட்டறைத் தொழிலாளர்கள்!

அடுத்துக் கூறப்போகும் நிகழ்ச்சிதான் எனக்கு மிகவும் பிடித்தது. 1909ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், இர்விங் லாங்முயர் என்னும் வேதியியல் ஆசிரியர் விடுமுறை வேலைக்காக அவ்வாய்வுக்கூடத்திற்கு வந்தார். இன்னதைச் செய் என்று விட்னி அவருக்குக் கட்டளையிடவில்லை. சுற்றிப் பார்த்து விருப்பமானதை எடுத்துக்கொள்ளச் சொன்னார். வந்த ஆசிரியர் பிறகு கல்லூரிக்குத் திரும்பவே இல்லை.

அக்கால மின்குமிழ்களின் உட்புறம் நாளடைவில் கறுத்துவிடும். உள்ளே எஞ்சியிருக்கும் காற்றே காரணம். வெற்றிடத்தை இன்னும் செம்மையாக்கினால் சரியாகும் என்பதே பலரின் எண்ணம். லாங்முயர் நேர்மாறாகச் செய்தார். ஒரு கேட்டை முழுமையாக நீக்க முடியாவிட்டால், அதனை வேண்டுமென்றே மிகுதியாக்கி என்ன நிகழ்கிறது என்று பார்ப்பது அவர் முறை. குமிழுக்குள் வெவ்வேறு வளிமங்களை ஒவ்வொன்றாகச் செலுத்தினார். நீராவி மிகச் சிறிதளவு இருந்தாலும் குமிழைக் கறுக்க வைக்கிறது. நைட்ரஜனோ அத்தகைய கேடு எதனையும் செய்யவில்லை. வெற்றிடம் எவ்வளவுதான் செம்மையாக இருந்தாலும், சூடேறிய டங்ஸ்டனே ஆவியாகிக் கண்ணாடியில் படிகிறது என்பதையும் கண்டார்.

அப்படியானால் வளிமத்தை நிரப்பி அந்த ஆவியாதலைத் தடுக்கலாமே? தடுக்கலாம், ஆனால், வளிமம் இழையின் சூட்டையும் கொண்டுபோய்விடும். மெல்லிய இழையில் அந்த இழப்பு மிகுதி, பருத்த இழையில் குறைவு என்பதைக் கண்டறிந்து, மெல்லிய இழையையே நெருக்கமான சுருளாகச் சுற்றினார். சுருள் பருத்த இழையைப் போல் நடந்துகொண்டது. 1913இல் வளிமம் நிரப்பிய மின்குமிழ் பிறந்தது. நம் வீடுகளில் அண்மைக்காலம் வரை எரிந்த பழைய குமிழை உற்று நோக்கினால், அதனுள்ளே லாங்முயரின் சுருளைக் காணலாம். அவர் தொடர்ந்து செய்த மேற்பரப்பு வேதியியல் ஆய்வுக்காக 1932இல் நோபல் பரிசு பெற்றார். மூன்று ஆண்டுகளுக்கு மேலாக, பயன் என்ன என்று நெருக்காமல் அவரை ஆராயவிட்ட விட்னியையும் நாம் நினைவுகூர வேண்டும். வேலையில் மகிழ்ச்சி இருக்கிறதா என்று தம் ஆய்வாளர்களைக் கேட்பது விட்னியின் வழக்கமாம். தலைமையாசிரியர்கள் கவனிக்க வேண்டுகின்றேன்.

1918இல் அதே ஆய்வுக்கூடத்தில் லாங்முயரின் உதவியாளராகச் சேர்ந்தவர் கேத்தரின் பிளாட்ஜெட். அங்கே அறிவியலாளராகப் பணியேற்ற முதல் பெண்மணி. 1926இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண்ணும் இவரே. ஒளியைப் பிரதிபலிக்காத கண்ணாடியை 1938இல் உருவாக்கினார். நம் மாணவியர் அறிய வேண்டிய பெயர் இது.

ஆயுளைக் குறைத்த ஆராய்ச்சி

ஆய்வுக்கூடங்களின் கதை முழுவதும் பெருமைக்குரியது என்று சொல்லிப் பிள்ளைகளை ஏமாற்றலாகாது. 1924 டிசம்பரில் உலகின் பெரிய மின்குமிழ் நிறுவனங்கள் ஜெனீவாவில் கூடி ஓர் உடன்பாடு செய்துகொண்டன. பீபஸ் கூட்டணி என்பது அதன் பெயர். ஜெர்மனியின் ஒஸ்ராம், நெதர்லாந்தின் பிலிப்ஸ் முதலியவை அதில் இருந்தன. சந்தையைப் பங்கிட்டுக்கொண்டதோடு, சராசரியாக 1,500 முதல் 2,000 மணி நேரம் எரிந்துவந்த மின்குமிழின் ஆயுளை 1,000 மணி நேரமாக்கவும் முடிவு செய்தனர். ஒவ்வொரு நிறுவனத்தின் குமிழ்களும் சோதிக்கப்பட்டன. வரம்புக்கு மேல் எரிந்தால் தண்டம் கட்ட வேண்டும்!

நிறுவனங்கள் சொன்ன சமாதானத்திலும் சிறிது உண்மை உண்டு. இழையை மிகுதியாகச் சூடேற்றினால் வெளிச்சம் கூடும், ஆயுள் குறையும். குறைவாகச் சூடேற்றினால் ஆயுள் நீளும், மின்சாரம் வீணாகும். 1951இல் இதனை விசாரித்த பிரிட்டிஷ் ஆணையமும் ஆயிரம் மணி நேரத்தை நியாயமான நடுநிலை என்றே ஏற்றது. ஆயினும், மக்களைக் கேளாமல், மறைவாக அதனைத் தீர்மானித்ததும் தண்டம் விதித்ததும் எவ்வகை அறம்? நன்னெறிக் கல்விப் பாடத்தில் மாணவர்கள் இருபுறமும் நின்று வாதாடத் தக்க தலைப்பு இது. அறிவு யார் கையில், எதற்காக என்னும் கேள்வி மின்குமிழ் அளவுக்கே பழைமையானது.

ரவாங்கும் லயமும்

மலாயாவில் மின்சாரம் முதன்முதலில் எரிந்தது எங்கே தெரியுமா? சிலாங்கூர் மாநிலத்தின் ரவாங் என்னும் ஈயச் சுரங்க ஊரில், 1894ஆம் ஆண்டில். சுரங்கத்து நீரை இறைப்பதற்காக மின்னாக்கியை நிறுவிய இருவருள் ஒருவர் லோக் இயூ. மற்றவர் நம் இனத்தவராகிய தம்புசாமிப் பிள்ளை. பத்துமலைக் கோயிலோடு நாம் சேர்த்து நினைக்கும் அதே தம்புசாமிப் பிள்ளைதான். நியூயார்க்கில் பேர்ல் தெரு நிலையம் தொடங்கிப் பன்னிரண்டே ஆண்டுகள்! மறு ஆண்டில் கோலாலம்பூர் இரயில் நிலையங்களுக்கு மின்சாரம் வந்தது. 1900இல் ரவுப் தங்கச் சுரங்கத்திற்காகச் செம்பாம் ஆற்றில் மின்நிலையம் அமைந்தது.

சுரங்கத்திற்கும் இரயிலுக்கும் விரைந்து வந்த மின்சாரம், தோட்டத்து லயங்களுக்கு அவ்வளவு விரைந்து வரவில்லை. நான் பிறந்து வளர்ந்த தோட்டத்தில், என் தொடக்கப்பள்ளிக் காலத்தில், மாலை ஆறரை மணிக்கு ‘இஞ்சின்’ ஓடத் தொடங்கும். இரவு பத்து மணிக்கு நிற்கும். வீட்டுக்கு ஒரு குமிழ். அது நடுக்கூடத்தில் தொங்கும். துரை பங்களாவில் மட்டும் விடிய விடிய வெளிச்சம். பத்து மணிக்குப் பிறகு படிக்க வேண்டுமானால் மண்ணெண்ணெய் விளக்குதான். அதிகாலையில் பால்மரம் வெட்டப் போக வேண்டிய அம்மா, மண்ணெண்ணெய் தீர்ந்துவிடும் என்று தெரிந்தும் திரியைக் குறைக்கச் சொன்னதில்லை. வெளிச்சம் என்பது நேரம் என்பதை எனக்குக் கற்பித்தவர் அவர்தான். படிக்கும் நேரத்தை ஒருவருக்குக் கொடுப்பதும் மறுப்பதும் ஒரு குமிழால் முடிகிற காரியமாக இருந்தது.

தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிபெயர்ந்தபோது எங்களை வரவேற்றது ஆரஞ்சு நிறத் தெருவிளக்கு. அவ்வெளிச்சத்தில் நீலச் சட்டையும் கறுப்பாகத் தெரியும். அது சோடியம் ஆவி விளக்கு என்பது பிற்காலத்தில்தான் எனக்குத் தெரிந்தது. அவ்வகை விளக்கின் முன்னோடியை 1932இல் பிலிப்ஸ் நிறுவனம் நெதர்லாந்தின் நெடுஞ்சாலை ஒன்றில் ஏற்றியது. சூடான சோடியம் கண்ணாடியை அரித்துவிடும். ஆகவே, அதைத் தாங்கும் சிறப்புக் கண்ணாடியைச் செய்ய வேண்டியிருந்தது. உயர் அழுத்தத்தில் அச்சிறப்புக் கண்ணாடியும் தாங்காது. ஸ்கெனெக்டடியின் ராபர்ட் கோபிள் 1950களில், அலுமினியம் ஆக்சைடு பொடியோடு சிறிதளவு மக்னீசியம் ஆக்சைடைச் சேர்த்துச் சுட்டால், நுண்துளைகள் நீங்கி ஒளி புகும் பீங்கான் கிடைப்பதைக் கண்டார். அந்தப் பீங்கான் குழாய்தான் நம் தெருக்களை ஆரஞ்சு நிறத்தில் ஒளிரச் செய்தது. குயவரின் சூளைக்கு உறவான அறிவு அது.

செய்யும் கைகளும் கேட்கும் மனமும்

இன்று தெருக்களில் ஆரஞ்சு ஒளி குறைந்து எல்.இ.டி. விளக்கின் வெண்மை பரவி வருகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தரும் சிவப்பு எல்.இ.டி.யை 1962இல் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வாளர் நிக் ஹொலோன்யாக் செய்து காட்டினார். நீலம் கிடைக்க மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின. நீலம் இல்லாமல் வெள்ளை ஒளி இல்லை. ஜப்பானின் நகோயாவில் அகாசாக்கியும் அவருடைய மாணவர் அமானோவும் ஒருபுறம் முயன்றனர். மறுபுறம், சிக்கோக்கு தீவின் சிறிய நிறுவனமான நிச்சியாவில் நகமுரா தனியே முயன்றார். அப்போது அவரிடம் முனைவர் பட்டம் இல்லை. வாங்கிய கருவியைத் தாமே பிரித்து மாற்றியமைத்து, ஆண்டுக்கணக்கில் உழைத்து, 1993இல் பிரகாசமான நீல விளக்கை வெளிப்படுத்தினார். மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. பழைய குமிழ் ஒரு வாட்டுக்கு 16 லூமன் ஒளி தந்தது, எல்.இ.டி. 300 லூமனை எட்டியிருந்தது என்று நோபல் குழு அவ்வாண்டு குறிப்பிட்டது.

நம் நாடும் இத்தொழிலுக்குப் புதியதன்று. பினாங்கின் மின்னணுத் தொழிற்சாலைகள் 1970களிலேயே தொடங்கிவிட்டன. 2017இல் கெடா மாநிலத்தின் கூலிமில் ஒஸ்ராம் நிறுவனம் பெரிய எல்.இ.டி. சில்லுத் தொழிற்சாலையைத் திறந்தது. நம் தாய்மார்களும் அக்காமார்களும் மின்னணுத் தொழிற்சாலைகளில் மூன்று வேளை மாற்றுப் பணியில் நுண்பெருக்கியைப் பார்த்துப் பார்த்துக் கண் சோர்ந்தவர்கள்தாம். விளக்கைச் செய்யும் கைகள் நம்மிடம் நெடுங்காலமாக உள்ளன. அவ்விளக்கை ஆராயும் அறைக்குள் நம் பிள்ளைகள் எத்தனை பேர் நுழைந்துள்ளனர்? இக்கேள்வி என்னை உறங்க விடுவதில்லை.

அந்த அறைக்குரிய பழக்கத்தை நாம் தொடக்கப்பள்ளியிலேயே ஊட்ட வேண்டும். நடப்பதோ வேறு. சில ஆண்டுகளுக்கு முன்னர் அறிவியல் கண்காட்சி ஒன்றுக்கு நடுவராகச் சென்றிருந்தேன். பளபளப்பான அட்டைகள், மனனம் செய்த உரைகள், அப்பா பற்றவைத்த மின்சுற்றுகள். ஒரு குழுவினரிடம், “இதைச் செய்யும்போது எது சரியாக வரவில்லை?” என்று கேட்டேன். “எல்லாமே சரியா வந்துச்சு ஐயா,” என்று ஒருமித்த குரலில் பதில் வந்தது. அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. சரியாக வராததைச் சொன்னால் புள்ளி குறையும் என்று அவர்களுக்குக் கற்பித்தவர்கள் பெரியவர்களாகிய நாமே.

ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இது. அறிவியல் செய்முறைப் புள்ளிகளில் ஒரு பங்கை, தவறிப்போன முயற்சிகளை நேர்மையாக எழுதி வைத்த குறிப்பேட்டிற்கு ஒதுக்குங்கள். பெற்றோர்களே, கண்காட்சிப் பொருளை நீங்கள் செய்து கொடுக்காதீர்கள். பிள்ளை செய்தது கோணலாக இருந்தாலும் அப்படியே பள்ளிக்கு அனுப்புங்கள். மின்குமிழைக் கண்டுபிடித்தவர் யார் என்னும் வினாவோடு, பழைய மின்குமிழ் ஏன் உள்ளே கறுத்தது என்னும் வினாவையும் கேளுங்கள். முதல் வினாவுக்குப் பெயர் தெரிந்தால் போதும். இரண்டாவதற்குச் சிந்திக்க வேண்டும்.

வகுப்பில் எளிதாகச் செய்து காட்டக்கூடிய சோதனை ஒன்றையும் கூறி முடிக்கின்றேன். ஒன்றரை வோல்ட் பெரிய மின்கலன்கள் எட்டினை வரிசையாக இணையுங்கள். பொத்தான் பென்சிலுக்குரிய மெல்லிய கரிக்குச்சி ஒன்றின் இரு முனைகளையும் அக்கம்பிகளில் பொருத்தி, அகன்ற கண்ணாடிச் சாடியால் மூடுங்கள். இதனை ஆசிரியரே செய்ய வேண்டும். குச்சி கடுமையாகச் சூடேறும், புகையும் வரும். மாணவர்கள் சற்றுத் தள்ளி நிற்கட்டும். மின்சாரம் பாய்ந்ததும் குச்சி சிவந்து, மஞ்சளாகி, வெண்ணொளி வீசி, சற்று நேரத்தில் அறுந்துவிடும். எத்தனை விநாடி எரிந்தது என்று மாணவர்கள் குறித்துக்கொள்ளட்டும். பிறகு ஒரே ஒரு கேள்வி: இன்னும் ஒரு விநாடி கூடுதலாக எரிய வைக்க என்ன செய்யலாம்? விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். மறுவாரம் அவர்கள் சொல்வதையெல்லாம் ஒவ்வொன்றாகச் செய்து பாருங்கள். தவறானதையும் செய்து பாருங்கள். மென்லோ பார்க்கில் 1879இல் கேட்கப்பட்டதும் ஏறக்குறைய இதே கேள்விதான்.

அன்புடன்,
உங்களுள் ஓர் ஆசிரியன்